ஒரு தாள் வாழ்க்கையும் பதினோரு நோன்பும்

1934 ஜனவரி 9, செவ்வாய். ஆம்பூர்

தோல் ஆராய்ச்சிக்குக் கிராண்டுப் பணம் கொடுக்கும் சென்னைக் கமிட்டியிலிருந்து மனுப் பாரம் வந்துவிட்டது. நாலு பக்கம். மூன்று பக்கத்தை அரை மணியில் நிரப்பிவிடலாம். நாலாவதுதான் தலைவலி: மனுதாரரின் வாழ்க்கைக் குறிப்பு, ஒரு தாளுக்கு மிகாமல். பிறப்பு, படிப்பு, உத்தியோகம், செய்த ஆராய்ச்சி, அதில் உடன் உழைத்தவர்களின் பெயரும் அவரவர் பங்கும்.

தோல் ஷாப்பு முதலாளி மக்பூல் அகமது சாயபுவிடம் காட்டினேன். நோன்புக் களைப்பு, கண்ணைத் திறக்காமலே பேசினார். "வேலு, சீமையில வெல எறங்கிப்போச்சி. உன் கொட்டாயை இனிமே நம்மளால தாங்க முடியாது. கிராண்டு வந்தா நடத்து. வரலேன்னா ஆனி மாசத்தோட மூடிடு."

கொட்டாய் என்று அவர் சொல்வது என் ஆராய்ச்சிச்சாலையை. தகரக் கூரை, இரண்டு மேஜை, பதினாறு கண்ணாடிப் பாத்திரம், எட்டு வருஷம். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. இத்தனை நாள் தாங்கியதே அதிகம்.

ஜனவரி 12, வெள்ளி

எழுதினேன். கிழித்தேன். குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தேன், சென்னையில் ரசாயனம் படித்தேன், தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன், தகப்பனார் ஒரு வருஷம் பேசவில்லை. கடைசியைக் கமிட்டிக்கு எழுதுவதா என்ன? அதை அடித்தால் முப்பத்தொன்பது வயசுக்கு ஒன்பது வரி மிச்சம்.

ஒரு தாளுக்கு மிகாமல் என்கிறார்கள். எனக்குப் பாதித் தாளே வெள்ளையாக நிற்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். எழுதவில்லை. தின்றேன், தூங்கினேன்.

ஜனவரி 19, வெள்ளி

நேற்று ரம்ஜான் பண்டிகை. ஷாப்பு விடுமுறை. மேஸ்திரி ஆபித் பாஷா வீட்டுக்கே வந்து சேமியா கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனைவி ஹலீமா பீ போன வருஷம் தவறிய பிறகு இவரே கிண்டுகிறார் போலிருக்கிறது, அடி பிடித்திருந்தது. என் மனைவி மனோரமாவும் நானும் முழுக்கத் தின்றோம்.

இன்று காலையில் அவரே தொட்டி தொட்டியாகப் போய்த் தோல் ஊறும் ஆவாரம்பட்டைச் சாற்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்தார். ஒரு மாதமாக அவர் அதைத் தொடவில்லை. "துப்பினாலும் ஒரு சொட்டு உள்ள போய்டும் சார், நோன்பு கெட்டுடும்" என்பார். ரம்ஜான் மாதத்தில் மட்டும் அந்த வேலை எல்லம்மாவுடையது. எல்லம்மா பட்டை இடிக்கிறவள். அவள் நாக்குக்கு மேஸ்திரியே மரியாதை கொடுப்பார். சாறு இன்ன கனம் என்று அவள் சொல்லி, நான் கண்ணாடி மானியைச் சாற்றில் மிதக்கவிட்டுப் பார்த்தால், ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

ஜனவரி 22, திங்கள்

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆகவேண்டும். பாரத்தில் எழுத முடியாது, இங்கே எழுதுகிறேன்.

என் பெயரில் அச்சேறியது ஒரே ஒரு கட்டுரை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகிறது, சீமையில் கழித்துப்போடுகிறார்கள். முதல் வாரத்தில் சாற்றின் கனத்தைப் படிப்படியாக ஏற்றினால் சிவப்பு குறையும் என்று காட்டினேன். 1928 பிப்ரவரி, மார்ச்சில் முப்பது நாள் எடுத்த அளவுகள். எல்லாம் கண்ணாடி மானியால் எடுத்தவை என்று கட்டுரை சொல்கிறது.

மானி மூன்றாம் நாளே உடைந்தது. என் கைதான். சென்னையிலிருந்து வேறு வர ஐந்து வாரம் ஆயிற்று. தோல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது. அது ரம்ஜான் மாதம். மேஸ்திரி பத்தடி தள்ளி நின்றார். எல்லம்மா நாக்கில் வைத்து, "இருவத்திரண்டு அய்யா", "இது இருவத்தாறு வரும்" என்று சொன்னாள். நான் எழுதினேன். இருபத்தேழு நாள்.

அளவில் பிழை இல்லை. அப்புறம் இரண்டு தடவை மானியோடு செய்துபார்த்தேன், அதே முடிவு. ஆனால் அச்சில் இருப்பது அவள் நாக்கு.

ஜனவரி 25, வியாழன்

உடன் உழைத்தவர் பெயர் என்ற இடத்தில் பேனா நிற்கிறது. எல்லம்மா, பட்டை இடிப்பவள், எழுத்தறியாதவள் என்று எழுதினால் கமிட்டித் துரைமார்கள் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருவர் பெயரும் இல்லையென்று விடவும் மனசு கேட்கவில்லை.

கடைசியில் இப்படி எழுதினேன்: அளவுகள் மானியால் எடுக்கப்பட்டு, முப்பது வருஷ அனுபவமுள்ள மேஸ்திரி ஆபித் பாஷாவால் அன்றன்றே நாக்கால் சரிபார்க்கப்பட்டன. இங்கிலீஷில் நன்றாகவே இருக்கிறது. பாதி உண்மை. மேஸ்திரிக்கும் ஒரு பெருமை. யாருக்கு நஷ்டம்?

மனோரமா, "இன்னும் எத்தினி தபா கிழிப்பீங்க? கிழிச்சதே ஒரு மாசம் அடுப்பெரிக்கப் போதும்" என்றாள். இனிக் கிழிக்கப்போவதில்லை. அலுத்துவிட்டது.

ஜனவரி 29, திங்கள்

தபாலில் போட்டாயிற்று. எல்லம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அய்யா, உங்க சரித்திரம் எழுதிக் கெவர்மெண்டுக்கு அனுப்புறீங்களாமே. நம்ம பேரு கீது வருதா?" என்று சிரித்தாள்.

ஒரே தாள்தான் கொடுத்தார்கள், இடமில்லை என்றேன்.

"ஆமா, நம்ம பேரு ரொம்ப நீளம்" என்றாள்.

மார்ச்சு 14, புதன். சென்னை

நேரில் கூப்பிட்டார்கள். ஐந்து பேர். நாலு பேர் நான் எதிர்பார்த்த மாதிரி, கேள்வியும் எதிர்பார்த்ததுதான். ஐந்தாவது ஆள் வாணியம்பாடி வியாபாரி அதாவுல்லா சாயபு. அவர் கமிட்டியில் இருப்பது எனக்குத் தெரியாது. தாடியைத் தடவிக்கொண்டு என் கட்டுரையையும் அந்த ஒரு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிகிற சமயத்தில் தமிழில் கேட்டார்.

"தேதியெல்லாம் 1928 பிப்ரவரி கடைசி, மார்ச்சுன்னு போட்டிருக்குது. அந்த வருஷம் நமக்கு ரம்ஜான் இல்லியா அது? பாஷா பாயை நான் அறிவேன். நோன்பு வெச்சிக்கினு பட்டைத்தண்ணியை நாக்குல எப்படி வெச்சாரு?"

ரம்ஜான் இப்போது மார்கழி, தையில் வருகிறது. வருஷத்துக்குப் பத்து நாள் பின்வாங்கிவரும் கணக்கை யார் போட்டுப் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டேன். முஸ்லிம் ஒருவர் அந்த மேஜையில் உட்காருவார் என்றே தோன்றவில்லை. தோல் வியாபாரத்துக்கான கமிட்டியில்! எவ்வளவு மடையன் நான்.

"அந்த மாதம் அவருக்குக் காய்ச்சல் சாயபு. நோன்பு வைக்கவில்லை" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிற்று. காய்ச்சல் உண்மை. நாலு நாள் குளிர்க்காய்ச்சல். கோணியைப் போர்த்திக்கொண்டு தொட்டி ஓரத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொய்னா மருந்தைப் பகலில் விழுங்கமாட்டேன் என்று தள்ளிவிட்டு நோன்பை முடித்தார். என் கண்ணால் பார்த்தது.

"சீக்காளிக்கு விலக்கு உண்டுதான்" என்று சாயபு தலையாட்டினார். தாளை மடித்தார். முடிந்தது.

மார்ச்சு 15, வியாழன்

ஊர் திரும்பினேன். நோயாளி நோன்பை விடலாம் என்று அவர்கள் மார்க்கமே சொல்கிறது. ஆக நான் சொன்னதில் அவருக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. இதையே நாலு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 18, புதன்

கிராண்டு கிடைத்தது. மூன்று வருஷம். முதலாளி முதுகில் தட்டினார். மனோரமா கேசரி கிளறினாள். ஆபித் பாஷா கையைப் பிடித்துக் குலுக்கி, "நம்ம ஷாப்புக்கே பேரு சார்" என்றார். சந்தோஷமாக இருக்கவேண்டும். தூக்கம்தான் வருகிறது.

ஏப்ரல் 28, சனி

மத்தியானம் ஆபித் பாஷா கொட்டகைக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

நேற்று சரக்குப் பார்க்க வந்த அதாவுல்லா சாயபு, ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் நிற்கும்போது வேடிக்கையாகக் கேட்டாராம்: "இன்னா பாஷா பாய், நோன்பை விட்டுட்டு ரம்ஜான் பூரா பட்டைத்தண்ணி குடிச்சீங்களாமே?" எல்லோரும் சிரித்தார்களாம். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, காய்ச்சல் என்றும் சேர்த்தே சொன்னாராம். இருந்தாலும் சிரித்தார்கள்.

"சார், அந்த வருஷம் நான் நோன்பு வெச்சேன்னுதான் நெனச்சிக்கினு இருக்கேன். காய்ச்சல்ல சில நாளு சரியா ஞாபகம் இல்ல. உங்க காகிதத்துல அப்படி இருக்குதா?"

எழுத்தில் அப்படி இல்லை, என் வாயில் இருந்தது. ஆனால் நாக்கால் பார்த்தார் என்று எழுத்தில் இருக்கிறது. "சரிபார்த்தவர் என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்" என்றேன்.

"தேதியோட?"

"தேதியோட."

"அப்ப சரிதான். படிச்சவரு அன்னன்னிக்கு எழுதினது. எனக்குத்தான் மறந்துபோச்சி. வூட்டுக்காரி இருந்தா கேக்கலாம்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் எதிரே இருந்தார், யாரும் பக்கத்தில் இல்லை. நான் மேஜையைத் துடைத்தேன்.

மே 1, செவ்வாய்

ஆபித் பாஷா இன்று தொட்டியைத் தொடவில்லை. எல்லம்மாவைக் கூப்பிட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் பத்தடி தள்ளி நின்றார்.

ஏன் என்று கேட்டேன். "விட்டதைத் திருப்பி வெச்சிக் கடன் கட்டணும் சார். முப்பது நோன்பு. ஆறு வருஷம் தெரியாம இருந்துட்டேன். எப்ப மவுத்து வருமோ, யாரு கண்டா?"

மே 3, வியாழன்

மூன்றாவது.

மே 4, வெள்ளி

கத்திரி தொடங்கிற்று. சுண்ணாம்புக் குழிப் பக்கம் நிற்க முடியவில்லை, கண் எரிகிறது. நான் காலையிலிருந்து இரண்டு கூஜா தண்ணீர் குடித்தேன். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். என்ன கரிசனம் எனக்கு! "கடனாளி நாள் நட்சத்திரம் பாக்கலாமா சார்?" என்று சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

மே 6, ஞாயிறு

புது மானிகள் சென்னையிலிருந்து வந்தன. ஆறு. வைக்கோலில் சுற்றி, பெட்டியில். பிரிக்கவில்லை.

மே 8, செவ்வாய்

இன்று குழி ஓரத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். எழுந்து பாதியில் விட்ட தோலைப் போட்டுவிட்டுத்தான் நிழலுக்குப் போயிருக்கிறார்.

எனக்குக் கணக்கு ஒன்று ஓடுகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்னும் இருபத்திரண்டு நாள் போய்விட்டால் முப்பதும் முடிந்துவிடும், அவருக்கும் நிம்மதி, எனக்கும் கிராண்டு. அந்த இருபத்திரண்டு நாளும் அவர் விழாமல் இருந்தால் போதும் என்று சாமியைக் கும்பிடுகிறேன். எந்த சாமி இதற்குக் காது கொடுக்கும்?

மே 10, வியாழன்

எல்லம்மா வந்தாள். கையில் பட்டைத் தூள், அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே நேராகக் கேட்டாள்.

"இன்னா அய்யா, பாஷா பாய் எதுக்கு இந்த வெயில்ல வெறும் வயித்தோட கெடக்கறாரு? அந்த வருஷம் நக்கிப் பாத்தது நான். அவரு ஒரு நாளு கூட கிட்ட வரல. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"அவரிடம் சொன்னாயா?"

"சொல்லாம இருப்பேனா? சொன்னேன். 'நீ மறந்துட்டே எல்லம்மா, சாரு தேதி போட்டு எழுதி வெச்சிருக்காரு'ன்றாரு. நான் வாயால சொன்னா எடுபடல. நீங்கதான் சொல்லணும். எப்ப சொல்றீங்க? அந்தாளு செத்தா?"

போய்விட்டாள். அவளை வாயாடி என்று திட்ட மேஸ்திரிக்கு உரிமை உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

மே 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பட்டைக் குவியல் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். மானி உடைந்தது, எல்லம்மா பார்த்தது, உங்கள் பெயரைப் போட்டது, சென்னையில் நான் வாய் கூசாமல் சொன்னது, எல்லாம். "நீங்க அந்த வருஷம் ஒரு நோன்பும் விடலை மேஸ்திரி. காய்ச்சல்லயும் விடலை. நான் பார்த்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "ஏன் சார்?" என்றுதான் கேட்டார்.

"கிராண்டுக்கு."

"ம்."

தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றேன். "பொழுது சாயட்டும். ஆரம்பிச்சதை நடுவுல விடக்கூடாது" என்றார். எழுந்து போகும்போது திரும்பினார். "என்கிட்ட சொல்லிட்டீங்க. பள்ளிவாசல்ல சிரிச்சாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அதைச் சொல்லவேண்டுமானால் அதாவுல்லா சாயபுவுக்குச் சொல்லவேண்டும். அவருக்குச் சொன்னால் கமிட்டிக்குச் சொன்ன மாதிரி. இதை நானும் யோசித்திருந்தேன். மேஸ்திரியிடம் மட்டும் காதோடு சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் அவரிடம் போனேன். என் டைரியில் யாருக்கு நடிப்பது?

மே 14, திங்கள்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

மே 16, புதன்

எழுதவில்லை. ஆபித் பாஷா என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார். முன்னே ஸலாம் சொல்வார்.

மனோரமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷாப்பை விட்டால் குடியாத்தம் போய் அண்ணன் நிழலில் ஒண்டவேண்டும், அவளுக்கு ஓர்ப்படியோடு ஒத்துவராது. அதைச் சொல்லி அழுவாள் என்று பார்த்தேன். "அந்தப் பெரிய மனுஷன் தண்ணி இல்லாம தலை சுத்தி உக்காந்த அன்னிக்கு நீங்க வூட்டுக்கு வந்து மோர் கேட்டீங்க. நானும் ரெண்டு டம்ளர் குடுத்தேன். தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கமாட்டேன்" என்றாள்.

மே 19, சனி

இரண்டு கடிதம் எழுதினேன். கமிட்டிக்கு இங்கிலீஷில், அதாவுல்லா சாயபுவுக்குத் தமிழில். வாழ்க்கைக் குறிப்பையும் திருத்தி ஒரு புதுத் தாள் வைத்தேன். உடன் உழைத்தவர்: எல்லம்மா. பங்கு: இருபத்தேழு நாள் அளவுகள் முழுவதும். ஆபித் பாஷா அந்த மாதம் முழுக்க நோன்பிருந்தார், சாற்றைத் தொடவில்லை. அந்தத் தாளைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

எல்லம்மாவிடம் சொன்னேன். "இப்ப மட்டும் இடம் வந்துடிச்சா?" என்றாள். சரியான கேள்விதான்.

மே 25, வெள்ளி

அதாவுல்லா சாயபு வாணியம்பாடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தாராம். தொழுகை முடிந்ததும் யாரையும் கலையவிடாமல் நிறுத்தி, என் கடிதத்தை முழுக்கப் படித்தாராம். பிறகு ஆபித் பாஷாவைக் கட்டிக்கொண்டு, "நான் சிரிச்சதுக்கு மன்னிக்கணும் பாய்" என்றாராம். முதலாளிதான் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் வேலு" என்று மட்டும் சேர்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜூன் 8, வெள்ளி

கமிட்டியின் பதில். கிராண்டு ரத்து. கட்டுரையின் அளவுகளை நம்பத்தக்கவையாகக் கொள்ள இயலாது. மானிகளைத் திருப்பி அனுப்பவும். எல்லம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அளவுகள் சரி. அதுதான் வயிற்றெரிச்சல். அவள் நாக்கில் ஒரு பிழையும் இல்லை. பொய் சொன்ன வாய் என்னுடையது, பழி அவள் நாக்குக்கும் சேர்த்து விழுந்துவிட்டது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

ஜூன் 27, புதன்

கொட்டகையைக் காலிசெய்தேன். இனி அங்கே பட்டை அடுக்குவார்கள். குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் வேலை, ஆறு மாதத்துக்கு. தலைமையாசிரியர் ஒன்றும் எழுதிக் கேட்கவில்லை. ஆள் கிடைத்தால் போதுமாம்.

ஜூலை 2, திங்கள். குடியாத்தம்

வந்து சேர்ந்தோம். மனோரமா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

காலையில் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு ஆபித் பாஷா வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. மே மாதத்திலிருந்து வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேடையில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இளைத்தது இன்னும் தேறவில்லை.

"சார், பதினோரு நோன்பு வெச்சேன். அது என் கடன் இல்லைன்னு ஆயிடிச்சி. சும்மா போவக்கூடாது இல்ல? நேத்து தொழுதுட்டு, அதோட நன்மையை உங்க பேருல எடுத்துக்கச் சொல்லி அல்லாகிட்ட கேட்டுக்கினேன்."

கையை எடுத்துக் கும்பிட்டிருக்கலாம். காலில்கூட விழுந்திருக்கலாம், யார் பார்த்தால் என்ன? எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. "ரெயில் வந்துவிட்டது மேஸ்திரி" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையின் அந்தக் கோடிக்குப் போனேன்.

ரெயில் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவர் போகாமல் அங்கேயே நின்றார்.